நாகலகம் வீதியில் ஐந்தடி: களனி ஆற்றின் கணக்கைப் படிப்பது எப்படி?

மழைக்காலம் வந்துவிட்டால் வானொலியிலும் கைபேசியிலும் களனி ஆற்றின் நீர்மட்டப் பட்டியல் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். கித்துல்கலையில் இத்தனை மீட்டர், கிளென்கோர்ஸில் இத்தனை, ஹங்வெல்லவில் இத்தனை, கடைசியில் கொழும்பு நாகலகம் வீதியில் இத்தனை அடி. பக்கத்திலேயே ‘எச்சரிக்கை’, ‘சிறு வெள்ளம்’, ‘பெரு வெள்ளம்’ என்ற சொற்கள். மட்டக்குளியிலோ வெல்லம்பிட்டியிலோ உட்கார்ந்து இதைப் பார்ப்பவருக்கு மூன்று சந்தேகம் வரும். இங்கே வெயில் அடிக்கிறதே, எதற்கு எச்சரிக்கை? மற்ற இடங்களில் மீட்டர், இங்கே மட்டும் ஏன் அடி? மேலே அணையைத் திறந்துவிட்டார்களா?

இவற்றுக்கு விடை தேட கொழும்பில் மட்டும் நின்றால் போதாது. ஆற்றோடு மேலே போக வேண்டும். ஹட்டன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நாம் கடந்துபோகும் யட்டியந்தோட்டை, கித்துல்கலை போன்ற சின்ன ஊர்களின் அன்றாடத்தைப் பார்த்தால் அந்தப் பட்டியல் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

ஆறும் அதன் மழையும்

களனி ஆற்றின் நீளம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். சிவனொளிபாத மலை, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் இதன் இரு தாய் ஓடைகள். கித்துல்கலைக்குச் சற்று மேலே அவை ஒன்றாகின்றன. பிறகு யட்டியந்தோட்டையில் வீ ஓயாவும், ருவன்வெல்லப் பக்கத்தில் குருகொட ஓயாவும், அவிசாவளைப் பக்கத்தில் தெரணியகலையிலிருந்து இறங்கும் சீதாவக்கை ஆறும் சேர்கின்றன. ஹங்வெல்ல, கடுவெல தாண்டி முகத்துவாரத்தில் கடல்.

இந்த ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலப்பரப்பை நீரேந்து பரப்பு என்பார்கள். அது சுமார் 2,300 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாநகரம் அதன் அடிவாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்தில் 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்மேல் பருவக்காற்று மே மாதம் வந்து முதலில் மோதுவது அந்த மலைச்சரிவில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கன மீட்டர் தண்ணீர். மேலே 1,000 சதுர கிலோமீட்டரில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 10 கோடி கன மீட்டர். அதில் கொஞ்சத்தை மண் குடிக்கும். மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் அதுவும் குடிக்காது. மிச்சம் முழுவதும் பேலியகொடைப் பாலத்துக்குக் கீழேதான் வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. புறக்கோட்டையில் அன்று குடை பிடித்தார்களா இல்லையா என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

யட்டியந்தோட்டையில் ஒரு நாள்

கேகாலை மாவட்டத்தில், அவிசாவளை–ஹட்டன் வீதியில், ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் ஊர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மேடு, நடுவில் வீதி, வீதியில் கடைகள். சுற்றிவர றப்பரும் தேயிலையும். தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் நிற்கும் இளைஞர்கள் பலருக்கு இந்தப் பக்கம்தான் ஊர்.

இங்கே காலை என்பது மழையைப் பொறுத்தது. றப்பர்ப் பால் குளிர்ந்த நேரத்தில்தான் நன்றாக வடியும், அதனால் விடியும் முன்பே பால்வெட்டுக்குப் போவார்கள். இரவு பெய்த மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டிய கோட்டில் வடியாமல் மரமெல்லாம் பரவிவிடும். வெட்டிய பிறகு பெய்தால் சிரட்டையில் தண்ணீர் நிறைந்து பால் வீணாகும். மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டினால் ஓரளவு தப்பலாம். தேயிலையில் படங்கைப் போர்த்திக்கொண்டாவது கொழுந்து பறிக்கலாம், றப்பரில் அது நடக்காது. ஆகவே மழை இங்கே முதலில் சம்பளக் கணக்கு. வெள்ளக் கணக்கு அப்புறம்தான்.

ஆற்றுக் கணக்குக்கு இந்த ஊரில் மானி தேவைப்படுவதில்லை. கரையிலுள்ள பழைய ஆட்களுக்கு நாலு அடையாளம் போதும்.

1. நிறம். தெளிந்து ஓடிய தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் மேலே மழை. வீ ஓயா கலங்கி, பெரிய ஆறு தெளிந்திருந்தால் மழை எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும்.
2. மிதந்து வருவது. சருகும் சுள்ளியும் வந்தால் தண்ணீர் இப்போதுதான் கரையை நக்க ஆரம்பித்திருக்கிறது. வேரோடு மூங்கில் வந்தால் கரையே அறுகிறது.
3. சத்தம். கற்களின் மேல் சலசலக்கும் ஆறு, தண்ணீர் கூடியதும் அந்தச் சலசலப்பை விட்டு ஒரே இரைச்சலாகும்.
4. கல். ஒவ்வொரு குளிப்பிடத்திலும் எல்லாரும் அறிந்த ஒரு பாறை இருக்கும். அது முங்கினால் கடைக்காரர் கீழ்த்தட்டிலுள்ள அரிசி மூடையை மேலே ஏற்றுவார்.

நாலாவதை மட்டும் கவனியுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் பட்டியலில் தருவதும் இதே கல் கணக்குத்தான். கல்லுக்குப் பதில் அடையாளமிட்ட கம்பம், ‘முங்கிவிட்டது’ என்பதற்குப் பதில் ஓர் எண். அவ்வளவே வித்தியாசம்.

மழையே இல்லாத மாதங்களிலும் இந்த ஆறு நேரம் பார்த்து ஏறி இறங்குவதுண்டு. காரணம் கொழும்பு. இலங்கையில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. நகரத்தில் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஒன்றாக ஓடும் அந்த நேரத்துக்காக லக்ஷபான, பொல்பிட்டிய மின்நிலையங்களில் இயந்திரங்கள் ஓடினால், சுழலியைச் சுற்றிய தண்ணீர் ஆற்றுக்கு வந்துவிடும். கித்துல்கலையில் வெளிநாட்டவரைப் படகில் ஏற்றிப் பாறை நீரோட்டத்தில் விடும் தொழில்கூட எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பார்த்தே நடக்கிறது. வெயில்தானே என்று ஆற்று நடுப்பாறையில் துணி துவைப்பதும், பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் ஆபத்தாவது இதனால்தான். கொழும்பிலிருந்து வார இறுதிச் சுற்றுலாவுக்கு வந்து குளிப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. ஊர்க்காரர் சொன்னாலும் காதில் விழுவதில்லை.

ஆறு இந்த ஊருக்கு ஒருகாலத்தில் வீதியாகவும் இருந்தது. ருவன்வெல்லவரை சரக்குப் படகுகள் போய்வந்தன. 1900களின் தொடக்கத்தில் களனிவெளி ரயில்பாதை வந்தது, அது யட்டியந்தோட்டைவரை ஓடியது. இன்று அவிசாவளையோடு நின்றுவிடுகிறது.

அணையா, மழையா?

ஒவ்வொரு வெள்ளத்திலும் கிளம்பும் பேச்சு ‘வான்கதவைத் திறந்துவிட்டார்கள்’ என்பது. வான்கதவு என்றால் அணைக்கட்டு நிரம்பும்போது மிகுதித் தண்ணீரை வெளியே விடும் கதவு. இதைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது.

1. களனியின் மேற்பகுதியில் பெரிய நீர்த்தேக்கங்கள் இரண்டுதான்: கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலியா ஓயாவில் மவுசாகலை. இவை மாதக்கணக்கில் தண்ணீரைச் சேமிக்கக் கூடியவை.

2. நோர்டன், கெனியன், லக்ஷபான ஆகியவை சின்னத் தேக்கங்கள். தண்ணீரைச் சுரங்கக் குழாய்க்குத் திருப்பிவிடத்தான் அவை கட்டப்பட்டன, சேமிக்க அல்ல. பலத்த மழை பெய்தால் சில மணித்தியாலங்களில் நிரம்பிவிடும். செய்தியில் அடிக்கடி வரும் ‘வான்கதவு திறப்பு’ பெரும்பாலும் இவற்றைப் பற்றியது. அந்தக் கதவும் அணையுமே இல்லாதிருந்தாலும் அந்த மழைத் தண்ணீர் கீழேதான் வந்திருக்கும்.

3. காசல்ரீயும் மவுசாகலையும் மலையுச்சிக்கு அருகே இருக்கின்றன. தங்களுக்கு மேலே விழும் மழையை மட்டும்தான் அவற்றால் பிடிக்க முடியும். 2,300 சதுர கிலோமீட்டரில் அது சிறிய பங்கு. சீதாவக்கை, குருகொட, வீ ஓயா ஆகியவற்றின் தண்ணீரைத் தடுத்து வைக்கப் பெரிய நீர்த்தேக்கம் எதுவும் இல்லை.

ஆக, கொழும்பு வெள்ளத்தின் பெரும்பகுதி எந்தக் கதவையும் கடந்து வருவதே இல்லை. தெரணியகலையிலும் யட்டியந்தோட்டையிலும் சரிவில் விழுந்த மழை நேராக வருகிறது. ஆனால் வான்கதவுச் செய்தியை அலட்சியம் செய்யலாம் என்று இதற்குப் பொருளில்லை. கதவுக்குக் கீழே இருக்கும் நோர்டன், கித்துல்கலைக் கரைகளில் அது வெகு விரைவில் உயிர்ப் பிரச்சினையாகும். கொழும்புக்கு அது வெறும் முன்னறிவிப்பு: மேலே மழை அந்த அளவுக்குப் பெய்கிறது என்பதன் அடையாளம்.

மேலூர்களில் ஆற்றைவிட மலை முந்திக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவை அடிப்படையாக வைக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் முதல் நிலை, 100ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டிய நிலை. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) பின்னால் மேடும் முன்னால் ஆறும் இருக்கும் குடும்பம் ஒரே இரவில் இரண்டு அறிவித்தலைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று மேட்டை விட்டு விலகச் சொல்லும். மற்றது ஆற்றை விட்டு மேட்டுக்குப் போகச் சொல்லும். ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் முக்கியமாகிறது.

பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள்

சரி, இனி எண்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று எல்லைகள் உண்டு. எச்சரிக்கை மட்டம் என்றால் கவனமாக இரு. சிறு வெள்ளம் என்றால் கரையோரத் தாழ்நிலத்துக்குள் தண்ணீர் நுழையும். பெரு வெள்ளம் என்றால் குடியிருப்புகள் மூழ்கும்.

1. கித்துல்கலை: 3, 4, 6 மீட்டர். மலைக்குள் இருக்கும் மானி. வேகமாக ஏறும், வேகமாக இறங்கும்.
2. கிளென்கோர்ஸ்: 15, 16.5, 19 மீட்டர். அவிசாவளைக்கு அருகே, மலை முடிந்து ஆறு சமநிலத்துக்குள் வரும் இடம்.
3. ஹங்வெல்ல: 7, 8, 10 மீட்டர். கொழும்புக்காரர் பார்க்க வேண்டிய எண் இதுதான் என்பேன்.
4. நாகலகம் வீதி: 4, 5, 7 அடி. அதாவது ஏறத்தாழ 1.2, 1.5, 2.1 மீட்டர்.

கிளென்கோர்ஸில் 15 மீட்டருக்குத்தான் எச்சரிக்கை, நாகலகம் வீதியில் இரண்டு மீட்டருக்கே பெரு வெள்ளமா என்று திகைக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பத்திலும் பூச்சியம் எங்கே என்பது அந்தந்த இடத்தில் வைத்ததுதான். ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு ஒப்பிடுவது, ஒருவர் சட்டை அளவை இன்னொருவர் செருப்பு அளவோடு ஒப்பிடுவது போல. அதன் சொந்த மூன்று எல்லைகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. மலை இடுக்கில் தண்ணீருக்குப் பக்கவாட்டில் போக இடமில்லை, உயரத்தான் முடியும். கடலை ஒட்டிய சமநிலத்தில் அது அகலமாகப் பரவும். நாகலகம் வீதியில் ஓர் அடி ஏறியது என்றால் அந்த ஓர் அடி வயல், சதுப்பு, ஒழுங்கை எல்லாவற்றின் மேலும் விரிந்திருக்கிறது என்று பொருள்.

அடி என்ற அளவு மட்டும் ஏன் மாறவில்லை? நாகலகம் வீதி பழைய இடம். பக்கத்து கிராண்ட்பாஸின் பெயரே போர்த்துக்கேயர் இதைப் ‘பெரிய துறை’ என்று அழைத்ததிலிருந்து வந்தது. தொட்டலங்க என்ற சிங்களப் பெயரும் துறைக்கு அருகே என்றே பொருள்படும். 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி அங்கே பாலம் போட்டார்கள், 1895இல் விக்டோரியா பாலம் வந்தது. ஆங்கிலேயர் காலத்து அடிக்கணக்கு அந்தக் கம்பத்தோடு அப்படியே தங்கிவிட்டது.

நேரமும் முக்கியம். கித்துல்கலையில் உச்சம் வந்து மணித்தியாலங்கள் கழித்தே கிளென்கோர்ஸில் உச்சம். ஹங்வெல்லவுக்குக் கீழே ஆற்றின் சரிவு மிகக் குறைவு. தண்ணீர் பரவி, நின்று, மெல்ல நகரும். ஹங்வெல்லவின் உச்சம் நாகலகம் வீதியில் தெரிய அரை நாள், சிலவேளை அதற்கும் மேல் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மழை ஓய்ந்த பிறகும் கீழ்க் களனியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது இதனால்தான். யட்டியந்தோட்டையில் அண்ணன் ‘தண்ணி இறங்குது, பயமில்ல’ என்று தொலைபேசியில் சொல்லும் நேரம், வெல்லம்பிட்டியில் தம்பி சாமான் தூக்கத் தொடங்க வேண்டிய நேரம். இருவர் சொல்வதும் சரி. ஒரே தண்ணீரை இருவேறு மணிக்குப் பார்க்கிறார்கள்.

எனவே பார்க்க வேண்டியது எண்ணை மட்டும் அல்ல, அது போகும் திசையை. ஹங்வெல்ல 8 மீட்டரில் நின்று ஏறிக்கொண்டிருந்தால், நாகலகம் வீதி மூன்றடியில் இருந்தாலும் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

தண்ணீர் குறைந்தாலும் அதே ஆறு

இதே கணக்கின் மறுபக்கம் வறட்சியில் தெரியும். கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுகிறது. மேலிருந்து வரத்துக் குறைந்தால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் தவழ்ந்து வரும். கீழ்ப்பகுதியில் பல ஆண்டுகளாக மணல் அள்ளியதில் ஆற்றின் அடி கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டதால் அதற்கு வழி இன்னும் எளிது. நீர் வழங்கல் சபை அம்பத்தலையில் உப்புத் தடுப்பு வைத்திருப்பது இதற்காக. கொழும்பில் அடுக்குமாடி எழும்ப எழும்ப மணலுக்குக் கேள்வி கூடியது, ஆற்றின் அடி தாழ்ந்தது, அந்த அடுக்குமாடியின் குழாய்க்கே உப்பு நெருங்கியது. மேலூர்களில் மணல் அள்ளிய கரைகள் அறுந்து மூங்கில் சாய்வதும் இந்தக் கதையின் இன்னொரு முனை.

எண் இறங்கியும் வீட்டில் தண்ணீர் நிற்பது ஏன்?

கடைசிக் குழப்பம் இது. ‘நாகலகம் வீதி ஐந்தடிக்குக் கீழே போய்விட்டது’ என்று செய்தி வரும், கொலன்னாவையில் முழங்கால் தண்ணீர் அப்படியே இருக்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் ஆற்றின் இருபுறமும் வெள்ளத் தடுப்பு மண் அணைகள் கட்டினார்கள். நாம் ‘பண்ட்’ என்று சொல்வது இதைத்தான். பண்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் வீடு கட்டியவர்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. ஆறு ஏறினால் நேராக உள்ளே. பண்டுக்கு நகரப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல்:

1. நகரத்தின் மழைநீர் கால்வாய்கள் வழியாக வெளியேற வேண்டும். அதில் ஒரு வழி நாகலகம் வீதியில் ஆற்றோடு சேர்கிறது. மற்ற வழிகள் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் பக்கங்களில் கடலுக்குப் போகின்றன.
2. ஆறு உயர்ந்தால் ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் திரும்பி வராதபடி மடைக்கதவை மூடுவார்கள்.
3. கதவு மூடியிருக்கும்போது நகரத்தில் மழை பெய்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயே சிக்கும்.
4. ஆறு இறங்கிக் கதவு திறந்த பிறகும் தாழ்நிலத் தண்ணீர் மெல்லத்தான் வடியும். பல இடங்களில் இறைத்தே வெளியேற்ற வேண்டும்.

முன்பு இந்தச் சிக்கிய தண்ணீரைத் தாங்கியது சதுப்பு நிலம். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதே காலத்தில் அந்த ஈரநிலத்தை லொறி லொறியாக நிரப்பி வீடு எழுப்புவதும் நிற்கவில்லை. கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் இயல்பிலேயே ஆற்றின் தாழ்நிலம். 2016 மே வெள்ளத்தில் அங்கே நாட்கணக்கில் தண்ணீர் நின்றது.

யட்டியந்தோட்டையில் தண்ணீர் ஓரிரு நாளில் இறங்கிவிடும். கடைக்காரர் சேற்றை வாரி வீதியோரம் குவிப்பார், ஈரமான சீமெந்து மூடைகளை ஒதுக்குவார், அடுத்த மழையில்லாத விடியலில் பால்வெட்டு தொடங்கும். அங்கிருந்து இறங்கிய அதே தண்ணீர் அப்போதும் வெல்லம்பிட்டி ஒழுங்கைகளில், மடைக்கதவு திறக்கும்வரை நின்றுகொண்டிருக்கும்.